சேது மார்க்கத்தில் சிறுவர் சைக்கிள்

இராமேசுவர யாத்திரை என்பது ஒரு காலத்தில் குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்யும் காரியமாக இருந்தது. காசிக்குச் சென்று வந்தவர்கள் கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வித்த பிறகே யாத்திரை பூர்த்தியாயிற்று என்று கொள்வது நம் பெரியோர் வழக்கம். பாட்டனார் முன்னே நடப்பார்; பாட்டியும் கைக்குழந்தைகளும் கூண்டு வண்டியில் அமர்ந்திருப்பார்கள்; காலில் வலுவுள்ள பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடுவதும், களைத்தால் ஏறிக்கொள்வதுமாக வருவார்கள். இன்றோ மதுரையில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு மோட்டாரில் ஏறும் குடும்பம், பகல் போஜனத்துக்கு இராமேசுவரத்தில் இருக்கிறது. ஜன்னல்கள் அடைத்திருக்கின்றன, உள்ளே குளிர்ந்த காற்று, குழந்தைகளின் கண்கள் கைப்பேசியில். புறப்பட்ட ஊரும் சேர்ந்த ஊரும் உண்டு. நடுவே வழி என்று ஒன்று இருந்ததாக அக்குழந்தைகளுக்கு ஞாபகமே இராது.

இந்த வழியைக் குழந்தைகளுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு ஓர் உபாயம் உண்டு. அது சைக்கிள். தாய், தந்தை, எட்டு அல்லது பத்து வயதுப் பிள்ளைகள் எல்லோருமாகச் சைக்கிளில் ஏறி இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி முனை வரையில் போய்வரலாம் என்று நாம் சொன்னால், நேயர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மற்றப் பாதிப் பேர் நமக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்று கவலைப்படுவார்கள். ஆனால் இது எவரும் செய்யாத காரியமன்று. இதைவிட நூறு மடங்கு பெரிய காரியத்தைக் குழந்தைகளோடு செய்தவர்கள் உலகில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்தைச் சேர்ந்த ஜான் வோகல், நான்ஸி ஸாத்ரே-வோகல் என்ற தம்பதிகள் இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அவர்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். 2008-ஆம் வருஷம் ஜூன் மாதம், பத்து வயதான அப்பிள்ளைகளோடு அலாஸ்காவின் வடகோடியிலிருந்து அவர்கள் சைக்கிளில் புறப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டம் முழுவதையும் வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து, 2011-ஆம் வருஷம் மார்ச் மாதம் அர்ஜென்டீனாவின் தென்கோடியான உஷுவையா நகரைச் சேர்ந்தார்கள். தூரம் 27,000 கிலோ மீட்டருக்கு மேல். மூன்று வருஷங்களுக்குச் சிறிது குறைந்த காலம் அப்பிள்ளைகளுக்குச் சாலையே பள்ளிக்கூடம்; தாய் தந்தையரே உபாத்தியாயர்கள்.

பிரெஞ்சுக்காரர்களான கிளாட் எர்வே, பிரான்ஸ்வாஸ் எர்வே தம்பதிகளின் கதை இன்னும் விசித்திரமானது. அவர்கள் 1980-இல் உலகைச் சுற்றப் புறப்பட்டபோது இருவராகப் போனார்கள். 1994-இல் தாய்நாடு திரும்பியபோது மூவராக வந்தார்கள். நடுவே நியூஜிலாந்தில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்துவிட்டதே, இனி மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவோம் என்று அவர்கள் நினைக்கவில்லை. குழந்தையையும் சைக்கிளோடு சேர்த்துக்கொண்டு பிரயாணத்தைத் தொடர்ந்தார்கள்.

நமது தேசத்தாரும் இவ்விஷயத்தில் பின்தங்கியவர்கள் அல்லர். 1923-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் மூவர், 1928-இல் வெற்றியோடு பம்பாய் திரும்பினார்கள். அடிமைப்பட்டிருந்த நாட்டின் இளைஞர்கள் உலகத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதற்குத் தேர்ந்துகொண்ட வாகனம் இரண்டு சக்கரமும் ஒரு சங்கிலியும்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சைக்கிளுக்கும் குழந்தைகளுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. காற்றடைத்த ரப்பர் டயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜான் பாய்டு டன்லப், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்தவர். கெட்டி ரப்பர்ச் சக்கரம் பூட்டிய மூன்று சக்கர வண்டியில் தம் சிறு மகன் குலுங்கிக் குலுங்கிப் போவதைக் கண்டு, அவனுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று அவர் செய்துகொடுத்ததே அந்த டயர். 1888-இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இன்று லாரியும் விமானமும் உருள்வது ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகச் செய்த வேலையின் மேல்தான்.

அதே அயர்லாந்தில் டெர்வ்லா மர்பி என்ற சிறுமிக்குப் பத்தாவது பிறந்த நாளில் இரண்டு பரிசுகள் கிடைத்தன. ஒன்று, யாரோ ஓட்டிப் பழகிய பழைய சைக்கிள். மற்றொன்று, பழைய பூகோளப் படப்புத்தகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்த அக்குழந்தை, ஒரு நாள் சைக்கிளிலேயே இந்தியாவுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். இருபது வருஷங்களுக்கு மேல் காத்திருந்து 1963-இல் அதை நிறைவேற்றியும் காட்டினாள். டில்லி வந்து சேர்ந்தாள். பிற்காலத்தில் புகழ் பெற்ற யாத்திரை நூலாசிரியையாகி 2022-இல் காலமானார். பத்து வயதுக் குழந்தையின் கையில் நாம் எதைக் கொடுக்கிறோம் என்பது அற்ப விஷயம் அன்று.

"அதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம், நமக்குப் பொருந்துமா?" என்று கேட்பவர்கள் தங்கள் பாலியத்தைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். குடும்பமாகச் சைக்கிளில் போவதை உலகத்துக்கு நாமல்லவோ கற்றுக்கொடுக்கவேண்டும்! பார்க் கம்பியில் துண்டைச் சுற்றி மூத்த பிள்ளை, பின்னே காரியரில் மனைவி, அவள் மடியில் இளைய குழந்தை, ஹாண்டில்பாரில் தொங்கும் பையில் மாமியார் வீட்டுக்குப் பழம் என்று, ஒரே வண்டியில் ஒரு குடும்பம் எதிர்க்காற்றில் போவதைக் காணாத தமிழ்நாட்டுச் சாலை ஏது? மணிக்கு இத்தனை காசு என்று வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில், ஆசனத்துக்குக் கால் எட்டாமல், கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை அல்லவா நாம்? முழங்காலில் அதற்குரிய தழும்பு இல்லாதவர் அபூர்வம்.

இராமநாதபுரத்துக்கு அண்டை ஜில்லாவான புதுக்கோட்டையில் 1991-ஆம் வருஷம் நடந்ததையும் இங்கே குறிப்பிடவேண்டும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். கல் உடைக்கும் பெண்கள், வயல் வேலை செய்யும் பெண்கள், கிராமத் தாதிகள் எல்லோரும் மாலை வேளைகளில் மைதானத்தில் கூடிச் சைக்கிள் பழகினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காதபோது அவர்கள் ஆண்கள் வண்டியையே எடுத்துக்கொண்டார்கள். அதுமட்டுமன்று, ஆண்கள் வண்டியே மேல் என்று சொன்னவர்களும் உண்டு. ஏனென்றால் அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்! எந்தக் கம்பியைக் காரணம் காட்டி ஸ்திரீகளுக்கு இது ஆகாது என்றார்களோ, அந்தக் கம்பியே குழந்தைக்கு ஆசனமாயிற்று.

சர்க்காரும் தன் பங்குக்குச் சைக்கிள் கொடுத்திருக்கிறது. 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி வகுப்புகளைச் சேர்ந்த மேனிலைப் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கிய தமிழ்நாட்டு அரசாங்கம், 2005-ஆம் ஆண்டில் அதை அரசினர் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் விரித்தது. ஆகவே சைக்கிள் இருக்கிறது. மிதிக்கும் கால் இருக்கிறது. போகவேண்டிய ஊரும் இருக்கிறது. குறைவது எது என்பதைப் பின்னால் சொல்வோம். முதலில் வழியைப் பார்ப்போம்.

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் சுமார் 55 கிலோ மீட்டர். அங்கிருந்து அரிச்சல்முனை என்னும் நிலத்தின் நுனி சுமார் 20 கிலோ மீட்டர். பெரியவர்கள் இதை ஒரே நாளில் மிதித்துவிடுவார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மூன்று நாள் வேண்டும். பத்து வயதுப் பிள்ளை சமதரையில் மணிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு கிலோ மீட்டர் போகும். அதுவும் மணிக்கு ஒருமுறை இளைப்பாறினால்தான். குடும்பத்தின் வேகம் அதன் கடைசிக் குழந்தையின் வேகம் என்பதே இந்த யாத்திரையின் முதல் விதி. இதை ஒப்புக்கொள்ளாத தகப்பனார் தனியாகப் போய்வருவது நல்லது.

காலத்தைத் தேர்ந்துகொள்வதில் பள்ளிக்கூடப் பஞ்சாங்கமும் வானிலையும் ஒன்றோடொன்று சண்டையிடுகின்றன. கோடை விடுமுறை நீண்டது. ஆனால் இராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் குழந்தையைச் சாலையில் விடுவது பாவம். ஜூன் முதல் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும். பாம்பனில் அது ஆளையே தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர் கடைசியைப் பற்றி இக்கரையில் உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயல்தான் தனுஷ்கோடிப் பட்டணத்தைக் கடலோடு கொண்டுபோயிற்று. பிரயாணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலும் அலையில் சிக்கிற்று. ஆகவே எஞ்சியிருப்பது தைப் பொங்கலை ஒட்டிய விடுமுறை. மழை விட்டிருக்கும்; வெயில் ஏறியிராது; வாடைக் காற்று பக்கவாட்டில் அடிக்குமே தவிர, காலையில் அதன் முரட்டுத்தனம் குறைவு. மூன்று நாள் யாத்திரைக்கு அந்த விடுமுறை அளவெடுத்துத் தைத்த சட்டை போல் இருக்கிறது.

முதல் நாள், விடியற்காலையில் இராமநாதபுரத்தை விட்டுப் புறப்பட்டால், உச்சிப்புளி வழியாக மண்டபம் சுமார் 38 கிலோ மீட்டர். சாலை சமதரை. இருபுறமும் பனை, பனைக்கு நடுவே சீமைக் கருவேலம். இந்தக் கருவேலத்தைப் பற்றி எச்சரிக்கை ஒன்று சொல்லியாகவேண்டும். அதன் முள் டயரையும் தாண்டி டியூபை எட்டும். நிழலுக்காக வண்டியைச் சாலையை விட்டு இறக்குகிறவர்கள், ஏறும்போது இரண்டு சக்கரத்தையும் தடவிப் பார்த்து ஏறவேண்டும். பஞ்சர் ஒட்டும் ஸொல்யூஷன், ரப்பர்த் துண்டு, உப்புத்தாள், காற்றடிக்கும் பம்ப், மாற்று டியூப் ஒன்று ஆகியவை கட்டாயம் கையில் இருக்கவேண்டும். டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். அதைவிட ஆனந்தமான வேலை அவர்களுக்கு வேறில்லை.

மூட்டைகள் எல்லாம் பெரியவர் வண்டியில் இருக்கவேண்டும்; குழந்தையின் வண்டியில் தண்ணீர்க் குப்பியைத் தவிர வேறொன்றும் கூடாது. தலைக்குக் கவசம், எல்லோருக்கும் வெளிர் நிற உடை. தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்கக் கொடுக்கவேண்டும். நீர்மோர் உத்தமம். வெயிலில் வாடிய குழந்தைக்குக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். பத்து மணிக்குள் பாதி வழியைக் கடந்து, பகல் முழுவதும் நிழலில் தங்கி, நாலு மணிக்கு மேல் மீதியை மிதிப்பது முறை.

இரண்டாம் நாள் மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம். 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி திறந்த ரயில் பாலத்தைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். காற்று ஓர் அளவை மீறினால் ரயிலைக் கரையிலேயே நிறுத்தி வைப்பது அங்கே வழக்கம். நூறு வருஷங்களுக்கு மேல் உழைத்த அப்பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓடுவது நின்றது. அதன் பக்கத்தில் கட்டிய புதுப் பாலம் 2025-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. சாலைப் பாலமோ 1988-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதிதான் திறந்தது. அதற்கு முன் இத்தீவுக்குச் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தேன் என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. வண்டியை ரயிலிலோ படகிலோதான் ஏற்றியிருக்கவேண்டும்.

பாலத்தின் நீளம் இரண்டேகால் கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் போவதற்காக நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகிறது. உச்சியில் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி, நடைபாதையில் நின்று பார்த்தால், இடப்புறம் பாக் நீரிணைப் பக்கத்துக் கடல். வலப்புறம் மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் இக்கரை மீனவர்கள் சொல்வார்கள். வகுப்பறைக் கரும்பலகையில் இவ்விரு பெயர்களையும் வருஷந்தோறும் எழுதி அழிக்கும் நமக்கு ஒன்று தெரியும்: தேர்வு முடிந்த மறுநாள் எது வடக்கு எது தெற்கு என்பது பிள்ளைகளுக்கு மறந்துபோகும். ஒரு கன்னத்தில் படும் காற்றோடு சேர்த்துக் கற்றுக்கொண்ட பூகோளம் அப்படி மறப்பதில்லை. காற்று பலமாக இருந்தால் குழந்தைகளை ஓட்டவிடாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. நூறு வருஷம் ரயிலே கரையில் காத்து நின்றதை அவர்களுக்குச் சொல்லலாம்.

பாலம் இறங்கினால் பாம்பன். அங்கிருந்து தங்கச்சிமடம் வழியாக இராமேசுவரம். பாம்பனை ஒட்டிய குந்துகால் கரையில்தான் 1897-ஆம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி இறங்கினார். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டார். இன்னும் சிறிது தூரத்தில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம். இத்தீவில் படகுக்காரர் வீட்டில் பிறந்த அவர், மேற்கொண்டு படிக்க இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். இரண்டு நாளாகத் தாங்கள் மிதித்து வந்த தூரந்தான் ஒரு சிறுவன் படிப்புக்காக வீட்டைப் பிரிந்து போன தூரம் என்று அறியும் பிள்ளைகளுக்கு அது புத்தகத்தில் படித்த சங்கதியாக இராது. காலில் வலியாகவே தெரியும்.

மூன்றாம் நாள் தனுஷ்கோடி. வழியில் கோதண்டராமர் கோயில். குளிர்காலத்தில் அப்பக்கத்து ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக நிற்கும். 2025-இல் சர்க்கார் அவ்விடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. மோட்டாரில் போகிறவர்கள் பார்ப்பதற்குள் அவை பறந்துவிடும்; சைக்கிள் சத்தமில்லாமல் போகிறபடியால் நின்று எண்ணக்கூட முடியும். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால், 2017-இல் திறந்த புதுச் சாலை இரு கடலுக்கும் நடுவே ஒரு நூலைப் போல் போகிறது. ஒன்பதரை கிலோ மீட்டருக்கு நிழல் இல்லை, மரம் இல்லை. அதிகாலையில் போய், வெயிலேறுமுன் திரும்பிவிடவேண்டும். உப்புக் காற்றில் சங்கிலி ஓர் இரவில் துருவேறும். மாலையில் துடைத்து எண்ணெய் விட மறக்கலாகாது.

முகுந்தராயர் சத்திரம் என்ற பெயரைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். சத்திரம் என்ற சொல் சேது மார்க்கமெங்கும் ஊர்ப் பெயராகவே நிற்கிறது. சேதுவைக் காப்பவர் என்பதால் இராமநாதபுரத்து அரசர்கள் சேதுபதிகள் ஆனார்கள். யாத்திரிகர் கள்ளர் பயமின்றிப் போகவும், உண்ணவும், உறங்கவும் வழி செய்வதே அவர்கள் பட்டத்துக்குப் பொருள். தஞ்சை மராட்டியர்களும் அவ்வாறே செய்தார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தம்பாள் சத்திரம் சேது யாத்திரிகர்களுக்கு அன்னமிட்ட இடம். அக்காலத்து ஆட்சியாளர்கள், வழியில் போகிறவர்களில் மிகவும் பலவீனமானவர் யார் என்று பார்த்து, அவர் நடை எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு ஒரு சத்திரம் கட்டினார்கள்.

இப்போது குறைவது எது என்று சொல்லிவிடுகிறோம். இன்றைய சாலையை வகுப்பவர்கள் வழியில் போகிறவர்களில் மிகவும் வேகமானவர் யார் என்று பார்க்கிறார்கள். நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு இடமுண்டு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடமுண்டு. பத்து வயதுக் குழந்தையின் சைக்கிளுக்கென்று ஒரு முழ அகலமும் தனியாக இல்லை. பாம்பன் பாலம் இருவழிப் பாதை. அதில் மோட்டார்களை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பவர்கள் கூட்டம் வேறு. சைக்கிள்காரன் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்கு வரவேண்டியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய சர்க்காரின் கணக்கே சொல்கிறது. யுத்தத்தில் இத்தனை பேர் மாண்டால் தேசம் பதறாதா? சாலையில் மாண்டால் விதி என்று சொல்லிவிடுகிறோம்.

விதி அன்று என்பதற்கு ஹாலந்து தேசம் சாட்சி. இன்று அங்கே குழந்தைகள் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போவதைக் கண்டு நாம் வியக்கிறோம். அது அவர்கள் தேசத்து மண்ணின் குணம் என்று நினைக்கிறோம். அப்படியன்று. 1971-இல் அச்சிறு நாட்டின் சாலைகளில் சுமார் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். தம் மகளை அவ்வாறு இழந்த ஒரு பத்திரிகையாளர், "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்று எழுதினார். அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்களும் தகப்பன்மார்களும் குழந்தைகளோடு வீதியில் இறங்கினார்கள். சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் அதற்குப் பிறகே பெருகின. அங்கே சாலையைத் திருத்தியவர்கள் முதலில் பெற்றோர், பிறகுதான் இஞ்சினியர்கள்.

நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரையில் சாலையோரத்தில் சைக்கிளுக்கு ஒரு தனிக் கீற்று. பாம்பன் பாலத்தில் மோட்டார்களை நிறுத்தாதபடி கண்டிப்பு. தனுஷ்கோடிச் சாலையில் காலை வேளைகளில் மோட்டார்களுக்கு வேகக் கட்டு. பத்து கிலோ மீட்டருக்கு ஓர் இடத்தில் நிழலும், குடிநீரும், ஸ்திரீகளும் குழந்தைகளும் தயங்காமல் போகக்கூடிய கழிப்பிடமும். இந்தக் கடைசி ஏற்பாட்டுக்குப் பழைய தமிழில் பெயர் உண்டு: சத்திரம். யாத்திரைக்குப் போகும் குடும்பத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. சர்க்கார் கொடுத்த சைக்கிளில் தினந்தோறும் இதே சாலையில் பள்ளிக்குப் போய்வரும் மீனவர் வீட்டுப் பெண்ணுக்கும் இது வேண்டியதுதான். விடுமுறையில் ஒரு குடும்பம் போவதற்குப் பயப்படும் சாலையில் அவள் வருஷத்தில் இருநூறு நாள் போகிறாள்.

வீட்டில் எழும் ஆட்சேபங்களுக்கும் விடை சொல்லவேண்டும். வெயில், காய்ச்சல், நாய், லாரி ஆகியவற்றைப் பாட்டிமார்கள் சொல்வார்கள், அவை நியாயமான பயங்கள், ஜாக்கிரதையால் குறைக்கக்கூடியவை. சாலை திருந்தும் வரையில் விடியற்காலைப் பொழுதையே நம்பி, பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக, குழந்தைகளை நடுவில் வைத்து ஒற்றை வரிசையில் போகவேண்டும். இருட்டில் ஒரு போதும் போகலாகாது. அப்படியும் மனம் துணியாதவர்கள் முதல் வருஷம் இராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணிக்கோ தேவிபட்டினத்துக்கோ ஒரு நாள் போய்வரட்டும். பத்துப் பதினைந்து கிலோ மீட்டர்தான். கால் பழகும், மனமும் பழகும்.

ஆனால் பலரும் வாய்விட்டுச் சொல்லாத ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. "பிள்ளையை அழைத்துப்போங்கள், பெண் எதற்கு? அவளுக்கு வயது பன்னிரண்டு ஆகிறதே!" என்பது அது. எத்தனை வீடுகளில் ஒரு பெண்ணின் சைக்கிள் ஒரு குறிப்பிட்ட மாதத்திலிருந்து சுவரில் சாய்ந்துவிடுகிறது! யாரும் தடை என்று சொல்வதில்லை. காற்றுப் போயிருக்கிறது என்பார்கள். செயின் கழன்றிருக்கிறது என்பார்கள். கடைக்குத் தள்ளிக்கொண்டு போக யாருக்கும் அவகாசம் இராது. ஆறு மாதத்தில் தம்பிக்கு அது வந்துசேரும். ஆறு வயதில் அவளை ஏற்றிவிட்டு, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி, கையை விட்டபோது தன்னாலேயே போகிறாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லி மகிழ்ந்த தகப்பனார்தான் பன்னிரண்டாவது வயதில் அந்தக் கையை மறுபடியும் வைக்கிறார். புதுக்கோட்டையில் கல் உடைத்த பெண்கள் நாற்பது வயதில் கற்றுக்கொண்டதை, படித்த குடும்பங்களில் பன்னிரண்டு வயதில் மறக்கச் செய்கிறோம். குடும்பத்தோடு போகும் சைக்கிள் யாத்திரையின் பெரிய லாபம் இதுதான் என்று நாம் நினைக்கிறோம்: தாயும் ஓட்டுகிறாள், தந்தையும் ஓட்டுகிறார், அண்ணனும் ஓட்டுகிறான் என்னும்போது, பெண்ணின் சைக்கிளை மட்டும் சுவரில் சாய்த்து வைப்பது எளிதன்று.

இதனால் பிள்ளைகளுக்குத் தேர்வில் மதிப்பெண் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடும் என்று சொல்லி ஆசை காட்ட நாம் விரும்பவில்லை. ஆனால் எதிர்க்காற்று நிற்கும் வரையில் காத்திராமல் அதிலேயே மெள்ள மிதிக்கலாம் என்பதும், முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்து நிற்கவேண்டும் என்பதும், களைத்தவனைப் பரிகசிக்கலாகாது என்பதும், முன்பின் தெரியாத வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்டுக் குடித்தால் அவ்வீட்டாரை மறக்கலாகாது என்பதும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. இவற்றைக் கற்றுக்கொண்ட குழந்தைகள் வளர்ந்து இந்தத் தேசத்தில் சாலை போடும் உத்தியோகத்துக்கு வருவார்களேயானால், பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிராது.

தை பிறக்க இன்னும் நாள் இருந்தால், அதற்குள் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் சுவரோரம் சாய்ந்திருக்கும் சைக்கிளை எடுத்துத் துடைத்து, கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து வைப்பது. அது யாருடைய சைக்கிள் என்பது நேயர்களுக்கே தெரியும்.